நிற்கும்போது நடுங்கும் கார்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாடகைக் காரின் முன் சீட்டில் கிடைத்தது. வழியில் இறங்கிக்கொள்ள ஏறியிருந்தேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே கார் நின்றது. ஓட்டிவந்த அருணாதேவி பின்னால் திரும்பினார்.

"இப்பயும் ஆடுதா டீச்சர்? போன மாசந்தான் என்ஜின் மவுண்டிங் ரப்பர் மாத்துனேன்."

பின் சீட்டில் மெஹ்ருன்னிசா டீச்சர். முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்.

"ரோடு மோசம்," என்றேன் நான்.

"வண்டி நிக்குதுங்க," என்றார் டீச்சர்.

அந்த ஒரு வரிக்காக எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: மலைமேல் மேகம் இறங்கியிருந்த ஒரு காலையில்

[வேண்டாம். மலைக்கும் இந்த நடுக்கத்துக்கும் சம்பந்தமில்லை.]

இரண்டாவது: மெக்கானிக் கலீல் ரஹ்மான் ஏமாற்றுக்காரர். அவர் மாற்றிய ரப்பர்

[இதை விட்டதற்குக் காரணம் உண்டு. வருகிறது.]

மூன்றாவது, நேராக: வியாழக்கிழமை வேலூர் ஆஸ்பத்திரி. அதற்குள் நடுக்கம் நிற்காவிட்டால் டீச்சர் வேறு வண்டியில் போவார். "கோவம் இல்ல அருணா. முதுகு கேக்க மாட்டேங்குது." வேறு டிரைவருக்கு அவரை எந்தப் பக்கம் தாங்கி ஏற்ற வேண்டும் என்று தெரியாது. அருணாதேவிக்குத் தெரியும். விடுவதாக இல்லை.

3

செவ்வாய்க்கிழமை காலை, கலீலின் ஷெட். பானெட் திறந்திருந்தது. அருணாதேவி பிரேக்கை அழுத்தியபடி முதல் கியர் போட்டு, கிளட்சைக் கொஞ்சம் விட்டார். என்ஜின் ஒரு பக்கமாக எகிறியது.

"பாத்தீங்களா, தூக்குது. போன மாசம் போட்ட மவுண்டிங் கல்லாட்டம் நிக்குது. மத்த ரெண்டும் போச்சு. அதான் முன்னவிட ஜாஸ்தி ஆடுது."

"அன்னிக்கே மூணையும் மாத்தியிருக்கலாம்ல பாய்?"

"நல்லா இருக்கே! பௌர்ணமி கிரிவல சவாரி இருக்கு, ஒண்ணு போதும்னு யாரு சொன்னது? மலைய நீங்க சுத்தறீங்களா, உங்க வண்டி சுத்துதான்னு அன்னிக்கே கேட்டேன்."

அருணாதேவி என்ஜினை அணைத்தார்.

(என் இரண்டாவது தொடக்கம் செத்தது இங்கேதான். அருணாதேவி அன்று காரில் சொல்லாமல் விட்டதை நான் கலீலின் தலையில் கட்டியிருந்தேன்.)

"எனக்கு ஸ்டியரிங்ல அவ்ளோ தெரியலயே பாய்."

"பின்னாடி உக்காந்து பாருங்க."

ஆறு வருடமாக அருணாதேவியின் கார். பின் சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. கலீல் முன்னால் உட்கார்ந்து என்ஜினை ஓடவிட்டார். நடுக்கம் இடுப்பில் ஏறிப் பல்வரை வந்தது.

"போதுமா?"

"இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "போதுமா தேவிம்மா? எனக்கே பாவமா இருக்கு."

"வேலூருக்கு ரெண்டு மணி நேரம் பாய். ஓடட்டும்."

4

(மவுண்டிங் என்பது இரும்புக்குள் ரப்பர். என்ஜினைக் காரோடு பிடித்திருக்கும். என்ஜினின் நடுக்கத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். அது வெடித்தால் ஆட்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.)

ஜாக்கியின் மேல் மரக்கட்டை வைத்து என்ஜினைத் தாங்கினார் கலீல். இடது பக்கத்து ரப்பர் வெளியே வந்தது. வெடிப்பில் அருணாதேவியின் சுண்டுவிரல் நுழைந்தது. அடியில் இருந்தது இரண்டாகவே வந்தது. கலீல் புதியவற்றை வைத்து, போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகினார்.

"முறுக்குங்களேன்."

"அவசரப்பட்டுதான் இங்க வந்து நிக்கறோம். ஜாக்கிய எறக்கி, ஓடவிட்டு, என்ஜின் தானா உக்காரட்டும். அப்புறம் முறுக்கலாம்."

[இந்தப் பகுதியில் ஒரு வாக்கியத்தை மாற்றினேன். அடுத்தது ஆட்டம் கண்டது. முழுவதையும் திரும்ப எழுதினேன்.]

கடைசி போல்ட்டும் இறுகியதும் அருணாதேவி மறுபடி பின் சீட்டில் ஏறினார்.

"ஓட்டுங்க பாய். கீழ்பென்னாத்தூர் போய்த் திரும்பலாம்."

5

வியாழன், காலை ஆறு மணி. டீச்சர் வீட்டு வாசல்.

(அ) டீச்சர் சிரித்தபடி ஏறிக்

[இவ்வளவு சுலபமில்லை.]

(ஆ) வாசலில் ஏற்கெனவே வேறொரு கார்

[அருணாதேவியைத் தண்டிக்க எனக்கு உரிமையில்லை.]

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். என்ஜினை அணைக்காமல் இறங்கி, அருணாதேவி பின்கதவைத் திறந்தார்.

"போன தடவ ஒண்ணு போதும்னு சொன்னது நான்தான் டீச்சர். பாய் மேல தப்பில்ல. இந்த தடவ உங்க எடத்துல உக்காந்து பாத்துட்டுதான் வரேன்."

டீச்சர் குனியவில்லை, குனிய முடியாது. கையை மட்டும் நீட்டி, சீட்டின் சாய்மானத்தில் உள்ளங்கையை வைத்தார்.

அந்தக் கைக்கு என்ன தெரிந்தது என்று நான் எழுத முடியாது. இதுவரை எல்லாவற்றையும் முன் சீட்டில் இருந்தே எழுதினேன். முதுகு வலி தெரிந்தவர் யாராவது ஏறி உட்கார்ந்து சொல்லுங்கள்.

கதவு திறந்திருக்கிறது. என்ஜின் ஓடுகிறது.