அக்கா வீட்டுக்கு மேலே

விமானம் நாலாவது முறையாகச் சாய்ந்து திரும்பியது. இருக்கைப் பட்டை அவள் தோளை அழுத்தியது. முன்னால் ஆளுயரத்துக்குக் கருவிகள். காலை நீட்டக்கூட இடமில்லை. நகரத்தின் மேல் முந்நூறு மீட்டர் உயரத்தில் வரிவரியாகப் போய்வருவதுதான் வேலை. வெளிக்காற்று குழாய் வழியே உள்ளே வரும். அதில் எந்த நஞ்சு எவ்வளவு என்று திரையில் கோடு ஓடும். அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்கத்தான் அவளுக்குச் சம்பளம்.

ஆற்றைத் தாண்டியதும் கோடு விருட்டென்று மேலே ஏறியது. கருவியில்தான் கோளாறோ என்று சுத்தமான காற்றை உள்ளே விட்டுச் சரிபார்த்தாள். கருவி ஒழுங்காகத்தான் இருந்தது. ஜன்னல் பக்கம் குனிந்தாள். கீழே ரசாயனத் தொழிற்சாலை. அதன் மதிலை ஒட்டித் தீப்பெட்டிகளை அடுக்கினாற்போல் ஊழியர் வீடுகள். மூன்றாவது வரிசையில் கடைசி வீடு அக்காவுடையது. அத்தானுக்கு அங்கே கொதிகலன் பிரிவில் வேலை. வேலை இருக்கும்வரைதான் வீடு. அக்கா மகளுக்கு ஆறு வயது. இரண்டு வருடமாக மூச்சு இழுப்பு.

"இன்னொரு தடவை இதே வழியில போலாமா?" என்று விமானியிடம் கேட்டாள். போனார்கள். கோடு அதே இடத்தில், அதே உயரத்துக்கு ஏறியது.

"முடிவு வெளியாக ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது," என்றார் குழுத்தலைவர், தரையிறங்கியதும்.

அவள் விமானக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அங்கேருந்து கிளம்பிடு. உங்க பக்கம் காத்தே விஷமா இருக்கு. இன்னைக்கு நானே அளந்து பார்த்தேன்."

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீ அளந்துதான் எனக்குத் தெரியணுமாடி? காலைல துடைச்ச மேசை மத்தியானம் கறுத்துக் கிடக்கு. எங்க போகச் சொல்ற? அவர் வேலையை விட்டா வீடும் போச்சு."

"என் வீட்டுக்கு வா."

"உன் ஒத்த ரூமுக்கா? எத்தனை நாளைக்கு? நீ சொன்னது வெளிய தெரிஞ்சா உன் வேலையும் போகும், அவர் வேலைக்கும் உலை வச்சிடுவாங்க. வாயை மூடிக்கிட்டு இரு."

பின்னாலிருந்து குழந்தை இருமியது. இருமல் நிற்கவில்லை. அக்கா போனை எங்கோ வைத்துவிட்டு எழுந்துபோனாள். ஜன்னல் ஒன்று அடித்துச் சாத்தப்பட்டது. அப்புறம் இன்னொன்று. அந்த நஞ்சுக் காற்று கதவிடுக்கிலும் நுழையும் என்று சொல்ல வாயெடுத்த தங்கை, சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள்.

"இந்தச் சமையலறை ஜன்னல் மட்டும் சரியா சாத்தாது, இடுக்கு விட்டுக்கிட்டே இருக்கும்," என்றாள் அக்கா தூரத்திலிருந்து, யாரிடமோ சொல்வதுபோல.

பிறகு, துணி ஒன்று பட்டை பட்டையாகக் கிழிபடும் சத்தம் கேட்டது.