பூண்டுலோயாச் சித்தி

காளியாயிக்குப் பொய் பிறவியிலேயே வந்தது. தேயிலைக் கொழுந்து கொட்டுகிற மாதத்தில் சாவுக்குத் தவிர வேறெதற்கும் லீவு இல்லை என்று கணக்கப்பிள்ளை செல்லசாமி, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டில் நின்று சொன்னால் போதும், அந்த வாரமே காளியாயியின் சொந்தத்தில் யாராவது கண்ணை மூடிவிடுவார்கள். ஒரே பெரியப்பாவைப் பதுளையில் ஒரு தரமும் உடப்புசல்லாவையில் ஒரு தரமும் சாகடித்தவள் அவள். "அவரு போன வருசமே செத்துட்டாரே" என்று செல்லசாமி கேட்டதற்கு, "அது பெரிய பெரியப்பாங்க, இவரு சின்னப் பெரியப்பா" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லீவும் வந்துவிட்டது.

லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மீனம்மாவுக்கு அந்த வாய் இல்லை. காய்ச்சல் என்று ஒரு முறை பொய் சொல்லப் போய், பயத்தில் நிஜமாகவே காய்ச்சல் கண்டு படுத்தவள்.

ஆனால் இந்த வியாழக்கிழமை அவளுக்கு லீவு வேண்டும். மகள் பிரேமினி ஹட்டனில் நாடகப் போட்டியில் ராணியாக நடிக்கிறாள். போன வருடமும் நடித்தாள். மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் முன்வரிசையில் இருந்தார்கள், மீனம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நின்றாள். இந்த வருடம் பிரேமினி கூப்பிடவே இல்லை. "வராட்டிப் பரவாயில்லம்மா" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பரவாயில்லைதான் மீனம்மாவின் நெஞ்சைப் போட்டு அறுத்தது. உண்மையைச் சொல்லிக் கேட்கலாம்தான். மகனின் ஓட்டப் போட்டிக்கு லீவு கேட்ட வீரம்மாவிடம், "ஓடப்போறது ஓம் மகன்தானே, நீ எதுக்கு?" என்று கேட்ட செல்லசாமியிடம் உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"நானும் ஒரு சாவு சொல்லப் போறேன்க்கா" என்றாள் காளியாயியிடம்.

"யாரு சாவப்போறா?"

"அத இன்னும் யோசிக்கலக்கா."

"யோசிக்கிறதா? பொய்ய யோசிக்கக் கூடாதுடி. வாயத் தொறந்தா அதுவா வரணும்."

மீனம்மாவுக்கு அதுவாக எதுவும் வந்ததில்லை, ரொட்டி வட்டமாக வருவதற்கே வருடக்கணக்காயிற்று. எனவே அவள் யோசித்தாள். கொழுந்து எடுக்கும்போதும் தேங்காய் துருவும்போதும் யோசித்து, பூண்டுலோயாவில் ஒரு சித்தியை உண்டாக்கினாள். வேலாயி என்று பேர் வைத்தாள். மழையில் நின்று நின்று முட்டி தேய்ந்தவள். பிள்ளைகளின் நல்லது எதற்கும் போக முடியாமல், அடுத்த தடவை போகலாம், அடுத்த தடவை போகலாம் என்று மலையிலேயே காலத்தைக் கழித்தவள். முதலில் கோழிகளிடம் சொல்லிப் பார்த்தாள். அவை பாதியிலேயே எழுந்து போயின. திருத்திச் சொன்னாள். இந்த முறை சேவல் மட்டும் கடைசிவரை இருந்தது.

புதன்கிழமை பெரட்டில் செல்லசாமி முன்னால் நின்று அவள் வேலாயிச் சித்தியைச் சாகடித்தபோது, பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். செல்லசாமி தொப்பியைக் கழற்றினார். வீரம்மா மூக்கைச் சிந்தினாள்.

"லீவு எடுத்துக்க" என்றார் செல்லசாமி. மீனம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அவர் அதோடு விடவில்லை. "இப்பிடி ஒரு மனுசிக்கு நாம மரியாத செய்யணும். நான் தொரைகிட்ட லொறி கேக்குறேன். கூட வேல செய்றவங்க எல்லாம் போய்ட்டு வாங்க. வேலைய ஞாயித்துக்கெழம செஞ்சு குடுங்க."

வியாழன் காலை கொழுந்து லொறி புறப்பட்டது. வெளுத்த சேலைகளில் பெண்கள், நடுவில் ஒரு மலர்வளையம், அதைப் பிடித்தபடி வீரம்மா. மீனம்மா உண்மையாகவே அழுதுகொண்டிருந்தாள். லொறி ஹட்டன் வழியாகத்தான் பூண்டுலோயாவுக்குப் போகும். மகள் நடிக்கிற மண்டபத்தைத் தாண்டி, இல்லாத பிணத்தைப் பார்க்கப் போகவேண்டும். அவள் அழ அழ மற்றவர்களுக்கும் அழுகை வந்தது. எல்லாரையும்விடப் பெரிதாக அழுதவள் காளியாயி.

ஹட்டன் கடைகள் தெரியத் தொடங்கியதும் மீனம்மா அவள் காதில் சொன்னாள்: "அக்கா, அப்பிடி ஒரு சித்தியே இல்லக்கா."

காளியாயியின் அழுகை பட்டென்று நின்றது. "பொய்யா?" என்றாள். "எங்கிட்டயேவா? பொய் சொல்லப் போறேன்னு நீ சொன்னப்புறமும், இது நெசச் சாவுன்னுல்ல நம்பிட்டேன். ராத்திரி நான் சோறுகூடத் திங்கலடி." கொஞ்ச தூரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு மண்டபத்தையும் மகளையும் பற்றி மீனம்மா சொன்னது காதில் விழுந்ததும், இடுப்பிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தாள். அதில் சார்ஜ் போய் இரண்டு நாளாகிறது.

"ஹலோ... என்னது? கண்ண முழிச்சிட்டாங்களா? தேத்தண்ணி கேக்குறாங்களா? ஜோர்ஜ் தம்பி, லொறிய நிப்பாட்டு. சித்தி பொழச்சிட்டாங்க."

டிரைவர் ஜோர்ஜ் மாதாவுக்கு நன்றி சொல்லி ஓரங்கட்டினான். பெண்கள் கும்பிட்டார்கள், சிரித்தார்கள், மறுபடியும் அழுதார்கள். "இனிமே கூட்டமாப் போனா அந்த மனுசி பயந்துரும்" என்றாள் காளியாயி. "வந்தது வந்தாச்சு, மீனம்மா மக இங்கதான் நாடகம் நடிக்குதாம், பாத்துட்டுப் போவோம்."

முன்வரிசை முழுக்கச் சாவு வீட்டுச் சேலைகள், வீரம்மா மடியில் மலர்வளையம். மேடைக்கு வந்த பிரேமினி ஒரு கணம் திகைத்து, அம்மாவைக் கண்டுகொண்டாள். அதற்குப் பிறகு அவள் குரல் உயர்ந்ததைக் கேட்கவேண்டுமே. பரிசு வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனது. மீனம்மாவுக்கு அதைப்பற்றிக் கவலையே இல்லை. அத்தனை சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தாள்.

திரும்பி வருகையில் காளியாயி கேட்டாள். "எத்தன பேரச் சாவடிச்சிருக்கேன், ஒருத்தருக்கும் ஒருத்தரும் அழுததில்ல. நீ யாரப் பாத்துடி அந்தச் சித்திய உண்டாக்குன?"

"யாரப் பாக்குறது? கண்ணாடியத்தான் பாத்தேன்."

காளியாயி மீனம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பாசம் ஒரு மாதம் தாங்கியது. அடுத்த மாதம் ஒரு காலைப் பெரட்டில் காளியாயி மூக்கை உறிஞ்சிக்கொண்டு செல்லசாமி முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, அந்தப் பூண்டுலோயாச் சித்திக்குத் திரும்பவும் இழுத்துக்கிட்டு இருக்காம். இன்னைக்குப் பொழுது தாங்காதாம்."

செல்லசாமியின் கை தொப்பிக்குப் போனது. அதற்குள் பின்னாலிருந்து மீனம்மாவின் குரல் வந்தது. யோசிக்கவில்லை, ஒத்திகை பார்க்கவில்லை, கோழிகளிடம் சொல்லிப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தாள், அதுவாக வந்தது.

"இல்லீங்கய்யா. இப்பத்தான் போன்ல பேசினேன். நல்லா இருக்காங்க. பேத்தி டான்ஸ் ஆடுறதப் பாக்கப் போய்க்கிட்டு இருக்காங்க."