காற்றின்மேல் போட்ட பழி

அமெரிக்க நாட்டு நடு ஐடகோவின் மலைகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து துயிலும் வைகறைப் பொழுதில், பனி உருகிப் பெருகிய ஓடைகள் பாறைதோறும் மோதி நுரைத்து ஒலிக்க, ஊசியிலை மரங்களின் உச்சியை மட்டும் இளங்கதிர் தொட்டுச் செம்மை பூசி அடிமரங்களை இருளுக்கே விட்டுவைத்திருக்க, கெல்லர் புல்வெளி என்னும் குறுகிய ஓடுதளத்தில் சிறு வானூர்திகள் ஒவ்வொன்றாய் வந்திறங்கிய காட்சியைக் கற்றறிந்த வாசகர் மனக்கண்முன் நிறுத்துவாராக. ஒருபுறம் மலைச்சுவரும் மறுபுறம் மரஞ்செறிந்த பள்ளமும் அமைய, மேட்டை நோக்கியே இறங்கிப் பள்ளத்தை நோக்கியே எழ வேண்டிய அத்தளத்தில் பிழை செய்தவனுக்கு இரண்டாம் வாய்ப்பு என்பது கிடையாது. அதனை நன்கறிந்தும் ஆண்டுதோறும் அங்கேயே கூடினர் அம்மலை வானோடிகள்.

அன்று அவர்கள் தம்முள் மாண்டோரை நினைவுகூரும் நாள். பிறவூரார் மாண்டவரைப் புகழ்ந்து, மலர் தூவி, இல்லாத பெருமையையும் ஏற்றிச் சொல்லி மனம் ஆறுவர். இவர்களோ பெயரைச் சொல்லி, அப்பெயருக்கு உரியவன் செய்த பிழையைச் சொல்லி, வேறொரு சொல்லும் கூறாது பெயர் எழுதிய தாளை மடிப்பர். கூடியிருப்போர் "கேட்டோம்" என்பர். அவ்வளவே சடங்கு. தன் உறவினர் பெயரைத் தானே வாசிக்கலாகாது என்பதும் வழக்கம். வாசிப்பவன் நெஞ்சு இளகிச் சொல்லைத் திருத்திவிடுவான் என்று அஞ்சி, எம்மெட் என்னும் முதியவர் வகுத்த விதி அது.

அவ்வெம்மெட் முப்பது ஆண்டுகள் வாசித்தவர். ஒரு முறையும் குரல் தழுதழுக்காதவர். பதினோராண்டுகளுக்கு முன், மலைப்பண்ணைகளுக்கு அஞ்சல் சுமந்து பறக்கும் வெர்னா, கணவன் கிளைட்டை இழந்த புண் ஆறாத நிலையில், அவன் பிழையைச் சற்றே மென்மையாய்ச் சொல்லும்படி அவரிடம் மன்றாடினாள்.

"நீ அழுதா அழும்மா. ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்" என்றார் அவர். "இன்னைக்கு உன் மனசு நோகக்கூடாதுன்னு பாத்தா, நாளைக்கு இன்னொருத்தி வீட்ல எழவு விழும்."

அவ்வாறே, "கிளைட். மலையிடுக்கின் நடுவே பறந்தான். ஒரு சுவரை ஒட்டிப் பறந்திருந்தால் திரும்ப இடம் இருந்திருக்கும்" என்று ஊரறிய வாசித்தார். அன்றுமுதல் அவ்விடுக்கின் நடுவே பறந்தவர் எவருமில்லை; அங்கு மாண்டவரும் எவருமில்லை. அது நன்மையே என்று வெர்னாவின் அறிவு ஒப்பியது. அவரை மன்னிக்க மட்டும் அவளால் இயலவில்லை.

இனி, இவ்வாண்டின் தாளில் இருந்த புதுப்பெயர் டெரல். எம்மெட்டின் ஒரே மகன். சென்ற கோடையின் கடைசி வாரத்தில் இதே புல்வெளியிலிருந்து எழுந்து, தளத்தின் முடிவிலிருந்த மரங்களையே தாண்டமாட்டாது, உடனிருந்த இருவரோடும் எரிந்துபோனவன். அவன் பெயரை வாசிக்கும் பொறுப்பைக் வானோடிகளின் கழகத்தார் வெர்னாவிடம் தந்தனர்.

அப்பம் சுட்டுக்கொண்டிருந்த அடுப்பருகே அவளைத் தனியே கண்டார் எம்மெட்.

"வெர்னா, காத்துன்னு வாசிச்சிடும்மா."

"அன்னைக்குக் காத்தே இல்லையே."

"தெரியும். உச்சி வெயில்ல, டேங்க் நெறைய பெட்ரோலோட, ரெண்டு ஆளையும் ஏத்திக்கிட்டுக் கெளம்பியிருக்கான். சூட்டுல காத்து லேசாயிடும், பிளேன் ஏறாதுன்னு நான் அவனுக்குச் சொல்லாத நாள் இல்ல. ஆனா அவன் அம்மாகிட்ட காத்து அடிச்சுத் தள்ளிருச்சுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். அதோ உக்காந்திருக்கா பாரு."

"உங்களுக்கு வந்தா மட்டும் காத்து வேணும், இல்ல? எனக்கு என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"நல்லா குத்து. எனக்கு வேணும்."

அச்சொல் கேட்டு அவள் உள்ளம் இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை. பதினோராண்டு காத்திருந்த இனிப்பு அது. ஆயினும் அம்முதியவர் கையிலிருந்த கோப்பை சாய்ந்து காப்பி வழிந்து, அவர் காலணியை நனைப்பதையும் அவர் அறியாதிருப்பதையும் கண்டபோது அவள் இளகினாள். இரக்கம் ஒருபாதி, அவர் எனக்குக் காட்டாத அருளை நான் அவருக்குக் காட்டுவேன், அதனால் அவரினும் மேலானவள் ஆவேன் என்னும் நப்பாசை மறுபாதி. நல்ல மனமென்று நாம் மெச்சுவனவற்றுள் பல இத்தகைய கலவைகளே.

"டெரல். மலைக்காற்று எதிர்பாராது கீழே அழுத்தியது" என்று வாசித்தாள். "கேட்டோம்" என்றனர். டெரலின் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைகையில் டோபின் என்னும் இளவானோடி அவளிடம் வந்தான். அவன் மகளுக்கு அன்று ஆறாவது பிறந்தநாள்.

"அக்கா, அப்ப வெயிலால இல்லையா? உச்சில லோடு ஏத்திக்கிட்டுக் கெளம்பினதாலதான் விழுந்தான்னு நெனச்சேன். நானும் சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுப் போலாம்னு இருந்தேன்."

டெரலின் தாய் நாலடி தொலைவில் நின்றாள். வெர்னா அவளைப் பார்த்தாள். பின் இவனைப் பார்த்தாள்.

"காத்துதான், டோபின்."

"அப்பாடா. இன்னைக்கு இலைகூட அசையலையே. மூணு மணிக்கு கேக்கு வெட்டணும், லேட்டா போனா என் வீட்டுக்காரி கோரா என்னையும் சேர்த்து வெட்டிடுவா" என்று சிரித்தபடி சென்றான்.

ஞாயிறு உச்சியேறிப் புல்லும் கல்லும் கொதிக்க, காற்றின் திசை காட்டும் துணிப்பை உலரப் போட்ட காலுறைபோல் தொங்க, டோபின் கழகத்தின் கூடாரங்களையும் இரும்படுப்பையும் தன் ஊர்தியில் ஏற்றிக்கொண்டிருந்தான். எரிபொருளும் நிறைய இருந்தது. வெர்னாவும் எம்மெட்டும் அதனைக் கண்டனர். கண்டும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றனர்.

"ஐயா, நீங்களாவது சொல்லுங்க."

"எப்படிம்மா சொல்வேன்? டெரலோட அம்மா பக்கத்துல இருக்கா."

"அப்ப நான் சொல்லிடவா?"

முதியவர் அவள் மணிக்கட்டைப் பற்றினார். நன்றியாலோ தடுக்கவோ பற்றினார் என்பதை அவரே அறியார். அப்பிடியை உதறிவிட்டு அவள் ஓடியபோது பொறியின் முழக்கம் எழுந்துவிட்டது. அவள் கத்தியது எவர் செவியிலும் விழவில்லை. சரிவில் விரைந்து ஓடிய ஊர்தி, தளத்தின் முடிவில் மனமின்றி எழுந்து, சூடேறி மெலிந்த காற்று தாங்காமையால் தாழ்ந்து, டெரல் மோதிய மரங்களுக்கு இருபதடி இப்பால் நிலத்தில் மோதியது. அங்கே ஓடிவந்த அத்தனை கைகளாலும் அத்தீயை அவிக்க இயலவில்லை.

மறுவாண்டும் அந்நாள் வந்தது. வெர்னாவைத் தவிர வேறெவரும் அத்தாளைத் தொட ஒப்பவில்லை. எம்மெட் மனைவியின் அருகே அமர்ந்திருந்தார். டோபின் விழுந்த அன்றே பொய் வெளிப்பட்டதால் அவர்களிடையே ஓராண்டாய்ப் பேச்சில்லை.

"டெரல்" என்று தொடங்கினாள் வெர்னா. "உச்சிவெயிலில் நிறைசுமையோடு எழுந்தான். காற்று என்று நான் சென்ற ஆண்டு வாசித்தது பொய்." தாளின் அடுத்த வரிக்கு வந்தாள். "டோபின். உச்சிவெயிலில் நிறைசுமையோடு எழுந்தான். என்னைக் கேட்டுவிட்டு எழுந்தான்."

கூட்டத்தார் சடங்குச் சொல்லைச் சொல்ல வாய் திறக்குமுன், டோபினின் மனைவி கோரா எழுந்து நின்றாள். அவள் குரலில் சினமும் இல்லை, அழுகையும் இல்லை.

"கொஞ்சம் சத்தமா வாசிங்க. பின்னாடி என் பொண்ணுக்குக் கேக்கலை."

எம்மெட் தலைகவிழ்ந்தார். வெர்னா தாளை உயர்த்திப் பிடித்து, முதலிலிருந்து, ஒரு சொல்லும் விடாது, உரத்து வாசித்தாள். ஏழு அகவைச் சிறுமி வாசித்து முடியும்வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று நண்பகலில் ஒருவரும் வானில் எழவில்லை. பதினான்கு வானூர்திகளும் வெயில் தணியுமளவும் புல்வெளியில் கிடந்து, மாலையில் ஒவ்வொன்றாய் மரங்களுக்கு மேலே உயர்ந்து வீடு சேர்ந்தன. பிழையை மறைத்து ஒருத்தியின் கண்ணீரைத் துடைக்கலாம்; அதன் விலையை வேறொருத்தி தருவாள் என்பதை அம்மலைநாட்டார் அதன்பின் மறந்ததில்லை.