நாற்பது டிகிரி வித்தியாசம்

...கேட்டால் மட்டும் பதில் சொல், கேட்காததற்கு வாயைத் திறக்காதே என்றாரே பேராசிரியர், இப்போது கேட்டேவிட்டார்களே, என்ன செய்வாராம்? உலைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் அவள், நான்காம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி, எதிரே மதிப்பீட்டுக் குழுவினர் மூன்று பேர், அவர்களில் மூத்த அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "உங்க கட்டுரையில போட்டபடி நீலப் பொடியை ஆறு லேப்ல செஞ்சு பாத்துட்டாங்க, ஒருத்தருக்கும் வரலையே, ஏம்மா?" என்று ஏதோ பஸ் வரவில்லை என்பதுபோலக் கேட்டார், பேராசிரியர் முந்திக்கொண்டு, "எல்லாம் கைப்பக்குவம்தாங்க" என்றார், சிரிப்பு வேறு. கைப்பக்குவமா? இதென்ன சமையலா? உலை தொள்ளாயிரம் டிகிரி காட்டினால் உள்ளே தொள்ளாயிரத்து நாற்பது, நான்கு மாதமாக அவளுக்குத் தெரியும், தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் உருக வேண்டிய வெள்ளிக் கம்பி, இந்த உலை தொள்ளாயிரத்து இருபத்திரண்டு காட்டும்போதே முத்தாக உருண்டு கிடந்தது, அப்படியென்றால் கட்டுரையில் அச்சான எண்ணே தப்பு, அதை நம்பித்தான் ஆறு ஆய்வகமும் கையைச் சுட்டுக்கொண்டது... பேராசிரியரிடம் சொன்னதற்கு, "முதல்ல மதிப்பீடு முடியட்டும்" என்றார், பிறகு வேறொன்று முடியட்டும் என்பார்.

முதுகுக்குப் பின்னால் சீனியர், எதையும் நிறுத்துப் பேசுவதால் அவனுக்குத் தராசு என்று பெயர், கிசுகிசுத்தான், "வாய வச்சுக்கிட்டு சும்மா இரு, குரூப்பையே இழுத்து மூடிடுவாங்க, உன் பட்டமும் அதோட போச்சு." போகட்டுமே. போகட்டுமா? நான்கு வருஷம், மகள் டாக்டராகப் போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கும் அம்மா... ஆனாலும் பொடி நிஜம், நீலம் நிஜம், எதற்கு நடுங்க வேண்டும்?

"கைப்பக்குவமெல்லாம் இல்ல மேடம், உலை நாப்பது டிகிரி கம்மியா காட்டுது."

பேராசிரியர் இருமினார், இருமட்டும். அம்மையார் பேனாவைத் தொடவில்லை. "எப்படிக் கண்டுபிடிச்சே?" வெள்ளியை உருக்கி. "எத்தனை தடவை?" மூன்று தடவை, தலை நிமிர்ந்தே சொன்னாள். "மூணும் ஒரே சுருள் கம்பியா?"

ஆமாம்... ஒரே சுருள், அலமாரி அடித்தட்டில் லேபிள் இல்லாமல் கிடந்தது, செம்பு கலந்திருந்தால் வெள்ளி முன்கூட்டியே உருகிவிடுமே, இதைக்கூடவா யோசிக்கவில்லை, அப்படியானால் தப்பு உலையிலா, கம்பியிலா, என்னிலா? காது சுட்டது, வாய் மட்டும் அடங்கவில்லை. "சுத்தமான வெள்ளி பக்கத்து லேப்ல இருக்கு மேடம், வாங்கிட்டு வரேன், நீங்க இருக்கும்போதே வச்சுப் பாத்துடலாம்."

"தேவையாம்மா இது?" என்றார் பேராசிரியர். தேவைதான் சார். புதுத் துண்டோடு திரும்பி வந்து உலைக் கதவைத் திறந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது, விடை எதுவானாலும் சரி என்றில்லாமல், இந்த உலை கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று தான் வேண்டிக்கொண்டிருப்பது...