மூலை வெட்டிய பெட்டி

கன்னியர் மடத்துச் சுவரில் பதித்திருந்த சுழல்மாடம் கால் சுற்று சுற்றியது. கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. பெத்ரோனிலா தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ம்ஹூம். உள்ளே சிக்கியிருந்தது அவளுடைய எட்டு மாத உழைப்பு: தேவதாருப் பெட்டி, மேலெல்லாம் ஆமை ஓடு, ஓட்டுக்கு நடுவே முத்துச்சிப்பியில் இழைத்த கிளிகளும் மாதுளம்பூக்களும். ஞாயிற்றுக்கிழமை துறவு ஏற்கப்போகும் பெண்ணுக்கானது.

"என்னம்மா, ஏன் நின்னுபோச்சு?" சுவருக்கு அந்தப் பக்கம் மடத்துத் தாயார் எஸ்கொலாஸ்திக்காவின் குரல். பதினைந்து வருஷப் பழக்கம், முகம் பார்த்ததில்லை. சர்க்கரை மூட்டையானாலும் சரி, சாமி சிலையானாலும் சரி, அந்த மர உருளைக்குள் வைத்துச் சுற்றித்தான் மடத்துக்குள் அனுப்ப வேண்டும். கதவைத் திறக்கப் பேராயரின் அனுமதி வேண்டும்.

"மூலை இடிக்குது, தாயே."

மாடத்தின் வாயை மட்டும் அளந்திருந்தாள். வாய்க்குள் பெட்டி நுழைந்துவிட்டது. ஆனால் சுற்றுகிற உருளை வட்டமாயிற்றே! இத்தனை பெட்டி செய்தவளுக்கு அது தோன்றாமல் போனதை என்னவென்று சொல்ல? தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அதற்கு நேரமில்லை.

ஏனென்றால், பின்னால் பெஞ்சில் தச்சர் சங்கத்து மேற்பார்வையாளர் தோன் பால்தசார் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு இரும்புப் பூட்டோடு. புருஷன் செத்து ஒரு வருஷத்துக்குள் விதவை தன் கையாலேயே பெரிய வேலை ஒன்றை முடித்து ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் பட்டறைக்குப் பூட்டு. சங்கத்து விதி அது. பெத்ரோனிலாவுக்கு அந்த வருஷம் இன்று மாலை மணியோடு முடிகிறது.

"பெட்டி அழகுதான்" என்றார் அவர். "ஆனா நீ செஞ்சதுன்னு எவன் நம்புவான்? எல்லாம் உன் பட்டறை ஆளு கிறிசாந்தோவோட கைவேலை. பெட்டியும் உள்ள போகல. எழுந்திரு, பட்டறைக்குப் போவோம்."

"மணி இன்னும் அடிக்கலையே, தோன் பால்தசார். உக்காருங்க. உள்ளேருந்து சாக்லேட் வரும், சூடா குடிங்க." அவள் பெட்டியை வெளியே இழுத்துக் கம்பளத்தில் வைத்தாள். "டேய் கிறிசாந்தோ, சின்ன ரம்பத்தைக் குடு. நாலு மூலையையும் வெட்டிடறேன்."

கிறிசாந்தோவுக்கு முகம் வெளுத்துப்போனது. "ஐயையோ, எஜமானியம்மா! பலகை ஒரு விரல் கனம்தானே! வெட்டினா நாலு பக்கமும் ஓட்டை விழுந்துடுமே!"

"நீ பிடிச்சுக்கோ. வாயை மூடிக்கிட்டுப் பிடிச்சுக்கோ."

ரம்பம் ஓடியது. ஆமை ஓடு கருகிய முடி நாற்றம் அடித்தது. பிறகு தேவதாரு மணந்தது. ஒரு கிளியின் வால் போயிற்று. முதல் மூலை விழுந்தது. ஓட்டை விழவில்லை. உள்ளே இறுகலான மரம், சிவப்பாக.

தோன் பால்தசார் எழுந்து வந்து விரலால் தடவினார். "இதுல கட்டை எப்படி வந்துச்சு?"

"நிலநடுக்கத்துல நம்ம ஊர்ல விழுந்த பெட்டியெல்லாம் எங்க பிளந்துச்சு? மூலையிலதானே? அன்னையிலேருந்து உள்பக்கம் முட்டுக்கட்டை வெக்காம நான் பெட்டி பண்றதில்ல. விடியறதுக்கு முன்னாடி ஒட்டி, மேல பட்டுத்துணியும் போட்டுடுவேன். இவன் பார்த்தா மரத்தை வீணடிக்கறேன்னு புலம்புவான்."

அவர் கிறிசாந்தோவைப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாதுங்க. தூக்கறப்ப கனமா இருக்கேன்னு மட்டும் நெனச்சேன்."

அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவள் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தாயே, கொஞ்சம் நெருப்பு வேணும்!" என்று கத்தினாள் பெத்ரோனிலா. சுழல்மாடம் சுற்றியது, ஒரு சட்டியில் தணலும், மூன்று கோப்பைச் சாக்லேட்டும், ஒரு தட்டு பாதாம் பலகாரமும் வந்தன. வச்சிரப் பசை காய்ச்சினாள். வெட்டிய முகங்களை இழைத்து, கருவிப் பைக்குள் மிச்சம் கிடந்த சிப்பித் துண்டுகளை அறுத்து, அரம் போட்டு, ஒவ்வொரு முகத்திலும் ஒரு மாதுளைக் கொடி ஏற்றினாள். கயிற்றால் இறுக்கிக் கட்டி, காய்ந்ததும் அவிழ்த்தாள். அவளுடைய சாக்லேட் ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

முதல் மணி அடிக்கும்போது தள்ளினாள். சுழல்மாடம் வெண்ணெயாகச் சுற்றியது.

அந்தப் பக்கம் பெட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அடேயப்பா! எட்டு முகமா? எந்தப் பக்கம் விளக்கு வெச்சாலும் மினுக்குதே! சதுரம்னுதானேம்மா சொன்னே?"

"தப்பா அளந்துட்டேன், தாயே. அந்தத் தப்பைத்தான் மினுக்கி அனுப்பியிருக்கேன்."

சுவருக்குப் பின்னால் ஒரு கும்பலே சிரித்தது. "அப்ப இன்னும் மூணு பெட்டி இதே தப்போட பண்ணிக் குடு!"

தோன் பால்தசார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான் போய் எழுதிடறேன். உன் கைவேலைதான்னு." பூட்டை மேலங்கிக்குள் செருகிக்கொண்டு கிளம்பினார்.

"தோன் பால்தசார்!" அவள் கையை நீட்டினாள். "அதை எங்க கொண்டு போறீங்க? என் கதவுக்குன்னுதானே கொண்டுவந்தீங்க? என் பழைய பூட்டு துருப்பிடிச்சுக் கெடக்கு. குடுங்க."

ஒரு கணம் முறைத்தார். பிறகு பூட்டை எடுத்து வச்சிரம் ஒட்டிய அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"சாவி?" என்றாள் பெத்ரோனிலா.

இடுப்பிலிருந்து அதையும் அவிழ்த்துக் கொடுத்தார்.