ஸ்கேனுக்குப் போகாத வேன்

விடிவதற்கு முன்பே நர்ஸ் விளக்கைப் போட்டுவிடுவாள். பெண்கள் வரிசையாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து இடுப்பைக் காட்ட வேண்டும். கரு தங்குவதற்கு எண்ணெயில் கரைத்த மருந்து, தடித்த ஊசி. குத்திக் குத்திச் சதை கட்டிப்போயிருந்ததால் வேண்டாவுக்கு வலியே தெரிவதில்லை. அடுத்தவர் பிள்ளையை வயிற்றில் சுமப்பதும் கூலி வேலைதான் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். செய்யூரில் வேர்க்கடலை பிடுங்கியவளுக்கு வேலை என்றால் வெயில். மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த இந்த வாடகை வீட்டில் ஃபேன் ஓடியது, தினமும் முட்டை கிடைத்தது. கேட்டைத் தாண்டத்தான் கூடாது.

பக்கத்துப் பாயில் சரோஜா காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாள். முந்தாநாள் அவளுக்கு ஐந்தாம் மாதக் கரு கலைந்தது. இன்னும் உதிரம் நிற்கவில்லை. வேண்டா அவள் துணியை மாற்றிவிட்டாள். தனக்கு அழுகை வரவில்லை. வராததுதான் பயமாக இருந்தது.

அன்று ஸ்கேன் நாள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தம்பதிகள் தங்கள் பிள்ளைகளைத் திரையில் பார்க்கக் கிளினிக்கில் காத்திருந்தார்கள். விடுதியை நடத்தும் நரசிம்மன் சரோஜாவின் பையைத் தூக்கி, பெண்களை ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும் வேனில் வைத்தார். போகிற வழியில் அவளை ஊர் பஸ்ஸில் ஏற்றிவிடப் போவதாகச் சொன்னார்.

"ஆஸ்பத்திரில சேக்கணும் சார். ஒடம்பு நெருப்பா கொதிக்குது" என்றாள் வேண்டா.

"கரு இருக்கிற வரைக்கும்தாம்மா எங்க பொறுப்பு. கையெழுத்து போட்டிருக்கா."

"இங்கிலீசுல கீது. யாரும் படிச்சிக் காட்டல."

"கோர்ட்டுக்கே போனாலும் ஒண்ணும் நடக்காது. வாடகைத் தாய்க்குன்னு நாட்டுல சட்டமே இன்னும் வரலை."

"சட்டமே இல்லன்னா, ஒங்க காயிதம் மட்டும் எதும்மேல நிக்குது?"

நரசிம்மன் டிரைவரை ஹாரன் அடிக்கச் சொன்னார்.

கடலைக் காட்டில் ஒருத்தியைப் பூச்சி கடித்தால், நிலத்துக்காரர் வண்டி பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்வரை மற்றவர்கள் அடுத்த செடியில் கை வைப்பதில்லை. யாரும் கூடிப் பேசி வைத்த வழக்கமல்ல அது. வேண்டாவுக்கும் அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. சரோஜாவின் பாயருகே தரையில் உட்கார்ந்தாள்.

"ஊசி போட்டுக்கினோம். புள்ளைங்க இன்னா பண்ணிச்சி, அதுங்களுக்கு ஒரு கொறயும் வெக்கமாட்டோம். வேன்லதான் ஏறமாட்டோம்."

நிறைமாதக்காரி மார்கரெட் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்களும். கையெழுத்தை மீறினால் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புவதாக நரசிம்மன் மிரட்டினார். வயிற்றில் இருக்கும் பிள்ளைகளோடா என்று மார்கரெட் கேட்டாள்.

சிநேகா மட்டும் வேனில் ஏறியிருந்தாள். மூன்று முறை கரு தங்காமல் போய் இப்போதுதான் தங்கியிருந்தது. அவள் பயம் எல்லாருக்கும் தெரியும். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் சீட்டிலேயே இருந்தவள், சரோஜாவின் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

நரசிம்மன் செல்போனோடு கேட் பக்கம் நடந்தார். டாக்டரைக் கூப்பிடுகிறாரா, போலீசைக் கூப்பிடுகிறாரா என்று உள்ளே கேட்கவில்லை. வேண்டா சரோஜாவின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் வேண்டாவுக்கு அழுகை வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.