பெண் பார்க்கப் போன ஜீப்

"பின்பக்கப் போல் ஜொயின்ட்ட மாத்திட்டேன்னு சொன்னியே, எதடா மாத்தின? என் மகன் தலையெழுத்தயா?"

"தலையெழுத்துக்கு ஸ்பேனர் இல்ல அக்கா. நட்டுக்கு மட்டுந்தான் ஈக்கு."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல! நாநா, இவன நீங்க இன்னைக்கே வெளிய அனுப்பணும். இல்லாட்டி மேல் டிவிஷன் ஆளுங்க ஒருத்தரும் ஒங்க கராஜ் வாசல மிதிக்க மாட்டாங்க. நான் மிதிக்க விட மாட்டேன்."

சனிக்கிழமை காலை. புஷ்பத்தின் சத்தம் யட்டியாந்தோட்டை கடைத்தெருவின் இந்த முனையில் தொடங்கி அந்த முனை வரை போய், அங்கே இறைச்சிக் கடையில் நின்றவர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பியது. எங்கள் வீட்டு ஜன்னல் மஹ்ரூபின் கராஜைப் பார்த்தபடி இருக்கிறது. அதை அங்கே வைத்தது நான் இல்லை, வீட்டைக் கட்டியவர். ஆனாலும் அன்று துணி காயப்போட வாசலுக்கே வந்துவிட்டேன். மழை வரப்போவது தெரிந்துதான் வந்தேன்.

மிரட்டல் சும்மா மிரட்டல் அல்ல. தோட்டத்து மேல் டிவிஷனுக்கு ஏறும் ஒரே ஜீப் புஷ்பத்தினுடையது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், அரிசி மூட்டை, பிரசவ வலியில் துடிக்கும் பெண்கள், எல்லாம் அதில்தான் ஏறி இறங்கும். மேலே இருக்கிற ஓட்டோக்காரர்கள்கூட புஷ்பம் எந்தக் கராஜைக் காட்டுகிறாளோ அங்கேதான் போவார்கள். அவள் வேண்டாம் என்று சொன்னால் மஹ்ரூப் கடையைப் பூட்டிவிட்டு ஈ ஓட்டலாம். ஊரே நாநா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் மஹ்ரூபும் அதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றார் என்பது அவர் தாடியைத் தடவிய விதத்திலேயே தெரிந்தது. எதிரே ஹஸீப், அவரிடம் வேலை பழகி, அவருடைய கராஜையே தன் முதுகில் தூக்கி நிறுத்தியவன். கை கறுப்பு, முகம் சிவப்பு. அடக்கம் ஒடுக்கம் எல்லாம் அவனுக்குத் தூரத்துச் சொந்தம்.

நடந்தது இதுதான். புஷ்பத்தின் மகன் கிரிசாந்துக்கு அரநாயக்கவில் ஒரு பெண் சரிவந்திருந்தது. பெயர் ஜெயரூபி. வெள்ளிக்கிழமை போய்ப் பார்ப்பதாகப் பேச்சு. ஜீப்போ பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்னால் டொக் டொக் என்று கதவு தட்டுவதுபோல் தட்டியது. பின் அச்சின் நடுவில் ஒரு உருண்டை மூட்டு இருக்கிறதாம், அதுதான் போல் ஜொயின்ட். அதிலிருந்து இரண்டு இரும்புக் கைகள் விரிந்து முன்னால் போய்ச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். மூட்டுத் தேய்ந்தால் பின்பக்கம் சொல்பேச்சுக் கேட்காது. ஹஸீப் ஒரு பகல் முழுக்கப் படுத்துக் கிடந்து, பழையதைச் சுத்தியலால் அடித்துக் கழற்றிப் புதியதைப் போட்டான்.

வெள்ளிக்கிழமை காலை மிச்ச வேலை. அதில்தான் வினை. மத்தியானத்துக்கு முன் ராகுகாலம். ராகுகாலம் முடிந்தால் ஜும்ஆ தொழுகைக்குக் கராஜ் பூட்டு. ஆகவே ராகுகாலம் பிறப்பதற்குள் வண்டி வாசலைத் தாண்டியாக வேண்டும் என்று புஷ்பம் எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றாள். ஹஸீப் அப்போது வண்டிக்கு அடியில். எல்லாரும் அவசரப்படுத்த, அவன் வெளியே வந்து என்ன சொன்னான் என்பதில்தான் மறுநாள் சண்டையே.

"நீங்க பழம் நசுக்கிக்கிட்டுப் போனீங்க," என்றான் ஹஸீப். "மலையில என்ன பட்டீங்கன்னு சொல்லுங்களேன் நாநாவுக்கு."

"சொல்றேன்! அரநாயக்க வளைவுல கிரிசாந் முன்னாடி திருப்பினா பின்பக்கம் வேற ஊருக்குப் போவுது. டொக்குன்னா டொக்கு, என் பல்லெல்லாம் ஆடிப்போச்சு. கடைசி ஏத்தத்துல வண்டிய நிப்பாட்டிட்டுத் தட்டத் தூக்கிக்கிட்டு நடந்தோம் நாநா. பட்டுச் சேலையில சேறு. கால்ல அட்டை. பொண்ணோட மாமன்காரர் வாசல்ல நின்னு பாக்குறாரு. 'வந்த வண்டியே வாசல் வரைக்கும் வரலைங்களே, சகுனம் பாத்துட்டுச் சொல்றோம்'னு அனுப்பிட்டாரு. தேத்தண்ணிகூட ஆறிப்போய் வந்துச்சு!"

ஆறிய தேத்தண்ணியைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. மனுஷருக்கு எங்கே குத்தும் என்று யாருக்குத் தெரியும்.

"நாநா," என்றான் ஹஸீப், அவளை விட்டுவிட்டு மஹ்ரூபின் பக்கம் திரும்பி. "வெள்ளிக்கிழம நான் என்ன சென்னேன்? நீங்க இந்த இடத்துலதானே நின்டீங்க. சொல்லுங்க."

மஹ்ரூப் மேசைமேல் கிடந்த ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கை எடுத்து, அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல் உற்றுப் பார்த்தார்.

"இப்ப அதெல்லாம் பேசி என்னத்துக்கு," என்றார். "புஷ்பம் தங்கச்சி நம்மட பழைய ஆள். நீ மன்னிப்புக் கேட்டுட்டு ஒரு மாசம் வீட்ல இரி. பொறகு பாப்போம்."

அந்த ஒரு சொல்லில் ஹஸீபின் முகம் மாறிய விதத்தைப் பார்த்து, என் கையில் இருந்த ஈரத்துணியை நானே பிழிந்து என் காலில் ஊற்றிக்கொண்டேன்.

"மன்னிப்பா?" என்றான். அவன் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. உள்ளே போய் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டு வந்து ஜீப்பின் பின்னால் தரையில் விரித்தான். "புஷ்பம் அக்கா, படுங்க."

"என்னது?"

"படுத்துப் பாருங்க. உங்கட போன்ல டோர்ச் ஈக்கு தானே. என்னைய நம்ப வேணாம், உங்கட கண்ண நம்புங்க."

சுற்றி நின்ற கூட்டம் ஒரு சத்தம் போட்டது. புஷ்பம் சளைத்தவளா? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தள்ளுங்கடா" என்று அட்டையில் படுத்து உள்ளே போய்விட்டாள். வெளியே இரண்டு செருப்புகள் மட்டும் தெரிந்தன.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மஹ்ரூபின் கராஜில் ஒரு சட்டம் உண்டு, போட்டவரும் மஹ்ரூப்தான். கடைசி இறுக்கு முடிந்த ஒவ்வொரு நட்டின் மேலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு. கோடு இல்லாத வண்டி வாசலைத் தாண்டக்கூடாது. அந்தப் போத்தல் அவர் மகள் ஸும்றாவுடையது. நகத்தில் பூசினால் தொழுகைக்கு முன் கை கால் கழுவும் வுளூ சேராது என்று வீட்டில் ஏச, அது கராஜுக்கு வந்துவிட்டது. போத்தல் முடிந்தால் அடுத்த போத்தலும் அவள்தான் கொண்டுவந்து ஹஸீபின் கையில் கொடுப்பாள். அப்பாவின் கையில் கொடுக்கலாமே என்று நான் நினைப்பதுண்டு. நினைப்பது குற்றமில்லை.

"நடுவுல பாருங்க, நான் மாத்தின மூட்டு. நட்டுல செவப்பு ஈக்கா?"

"இருக்கு."

"அந்த ரெண்டு கை முன்னால போய்ச் சேர்ற எடத்துல பாருங்க. ரெண்டு பெரிய போல்ட்."

அட்டை சரசரத்தது.

"செவப்பு ஒண்ணும் இல்ல," என்றது அடியிலிருந்து வந்த குரல். "ஆடுது."

"ஆடத்தான் செய்யும். அதுக்குள்ள ரப்பர் ஈக்கு அக்கா. வண்டிய ஜேக்ல தூக்கி வெச்சி இறுக்கினா ரப்பர் முறுகிக் கிழிஞ்சிரும். வண்டி தன்ட பாரத்துல தரையில நின்டாத்தான் கடைசி இறுக்கு. அதுக்குத்தான் சென்னேன், ரோட்டுக்கு எடுத்து, பழத்த நசுக்கிட்டு, அப்படியே திருப்பிக் கொண்டு வாங்க, ரெண்டு போல்ட் மிச்சம்னு. கிரிசாந்துகிட்ட சென்னேன். நாநா பக்கத்துல நின்டு, 'சரி, சரி, போகட்டும்'னு சென்னார்."

புஷ்பம் வெளியே வந்தாள். தலைமுடியில் கிரீஸ். மகனைப் பார்த்தாள். கிரிசாந் வண்டிச் சாவியைச் சுற்றிச் சுற்றி விரலில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"சொன்னானாடா?"

"சொன்னாரும்மா."

"பின்ன ஏன்டா திருப்பல?"

"நீங்கதானேம்மா ஏறி ஒக்காந்ததும் சொன்னீங்க," அவனுக்கும் இப்போது கோபம் வந்துவிட்டது. "'பொண்ணு பாக்கப் பொறப்பட்ட வண்டி, பின்னாடி திரும்புனா வெளங்காது, நேரா போ'ன்னு. நான் வாயத் தொறந்தேன். 'வாய மூடிக்கிட்டு ஓட்டு'ன்னீங்க. மூடிக்கிட்டு ஓட்டினேன்!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். புஷ்பம் திரும்பிய வேகத்தில் சிரிப்பு நின்றது. பிறகு அவள் மஹ்ரூபைப் பார்த்தாள். எலுமிச்சம்பழக் குற்றத்தை ஒப்புக்கொள்ள மனம் வராதபோது இன்னொரு குற்றவாளி கிடைப்பது எவ்வளவு ஆறுதல்!

"நாநா, நான் பொம்பள, எனக்கு ரப்பர் மரந்தான் தெரியும், ரப்பர் புஷ் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமே. கோடு இல்லாத வண்டிய ஏன் விட்டீங்க?"

"நேரமாச்சி தங்கச்சி... ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போகணும்..."

"பள்ளிக்குப் போன மனுஷன் இன்னைக்கு உண்மையச் சொல்லியிருக்கலாமே!"

மஹ்ரூப் பிளக்கைக் கீழே வைத்தார். "ஹஸீப், சரி சரி. விட்டுரு. போய் வேலையப் பாரு."

"பாக்குறேன்," என்றான் ஹஸீப்.

தன் பாரத்தில் தரையில் நின்ற ஜீப்பின் அடியில் புகுந்து, இரண்டு போல்ட்டையும் இறுக்கினான். இறுக்கிய சத்தத்தில் யாரை நினைத்து இறுக்கினான் என்பது எல்லாருக்கும் கேட்டது. சிவப்புக் கோடு போட்டான். வெளியே வந்து கையைத் துடைத்தான். தன் சொந்த ஸ்பேனர்களை மட்டும் பொறுக்கிப் பையில் போட்டான்.

"எங்கடா போற? அதான் சரின்னு சென்னேனே!"

"போல்ட் ஆடினா இறுக்கலாம் நாநா. நீங்க ஒரு வார்த்த சென்னா என்ட வேலை நிக்கும், சொல்லாட்டி போகும், அப்படி இருந்திச்சி. நீங்க பிளக்கப் பாத்துக்கிட்டு நின்டீங்க. நான் திரும்பி வர மாட்டேன்."

போனான். பையோடு நகப்பூச்சுப் போத்தலும் போனதை மஹ்ரூப் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். காயப்போட்ட துணியெல்லாம் அதற்குள் நனைந்துவிட்டது.

புஷ்பமும் கிரிசாந்தும் அடுத்த தடவை அரநாயக்கவுக்கு பஸ்ஸில் போனார்கள். இந்தத் தடவை தேத்தண்ணி சூடாக வந்ததாம். தையில் கிரிசாந் ஜெயரூபியைக் கட்டினான். அவளும் இப்போது ஜீப் ஓட்டுகிறாள், மாமியாரைவிட வேகமாக. ஹஸீப் இரத்தினபுரியில், மாணிக்கக் குழிகளுக்குப் போகும் ஜீப்புகளைப் பார்க்க ஒரு கராஜ் போட்டான். புஷ்பம் மஹ்ரூபின் வாசலைத் தாண்டி, வேண்டுமென்றே ஹோர்ன் அடித்துக்கொண்டு, அங்கேதான் போகிறாள். மஹ்ரூப் மகள் விஷயத்தில் ஒரு வருஷம் முரண்டு பிடித்துப் பார்த்தார். வீட்டில் மனைவி நபீலா பேச்சை நிறுத்தினாள், பிறகு சமையலையும் நிறுத்தினாள். நோன்புப் பெருநாள் கழிந்து ஸும்றாவும் கல்யாணமாகி இரத்தினபுரிக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை யார் என்று கேட்டவர்களுக்கு மஹ்ரூப், "நம்மகிட்ட முந்தி வேலை செஞ்ச பொடியன்தான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.